மரவள்ளிச் சட்டியை மூடியவன்

ஆனி 14, செவ்வாய்.

துறைமுகத்தடி மண்டபத்தில் இன்று என் தம்பிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மரவள்ளி நஞ்சை ஆராய்ந்தே பேராசிரியர் ஆனவன். "இடம்பெயர்ந்த நேரம் ஒரு தாய் அறியாமையால சட்டியை மூடி அவிச்சு, பிள்ளையைப் பறிகொடுத்தா. அதுதான் என்னை ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தது" என்றான். சனம் கைதட்டியது.

அந்தத் தாய் நான். செத்தது என் சுகந்தி. சட்டியைத் திறந்தே வை, நஞ்சு போகட்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டுத்தான் தண்ணீருக்குப் போனேன்.

வாசலில் மறித்துக் கேட்டேன்.

"அக்கா, அது பழைய கதை. ஆர் மூடினதெண்டு இப்ப ஆருக்கு ஞாபகம்?"

"எனக்கு. கெதியா அவியட்டுமெண்டு நீதானே மூடினனீ, பெரிய பேராசிரியர்."

பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு வாகனத்தில் ஏறிவிட்டான்.

அவன் படிப்புக் கெடக்கூடாது என்று இதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. நாளை அவன் பெண்சாதியிடமிருந்து தொடங்கப் போகிறேன்.