துவைக்க வராத காலுறை

ஏப்ரல் 4
மொலோபாலி ஜாராவின் காலுறை இந்த வாரமும் துவைக்க வரவில்லை. மூன்றாவது வாரம். சட்டை வருகிறது, கால்சட்டை வருகிறது, காலுறை மட்டும் எங்கே? எங்கள் செகூ ஊர்க் கால்பந்து கிளப்பின் உடுப்புகளைப் பதினோரு வருடமாகத் துவைக்கிறேன். எங்கள் கோல் மன்னன் ஒரு கைக்குட்டைகூட அலசி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 6
கேட்டே விட்டேன். “என்னடா பயறு தின்னி, காலுறை துவைக்கவே தனியா ஒருத்தியைக் கட்டிக்கிட்டியா?”
“உன் கை பட்டா நாறுது, என் அடிமையே” என்றான்.
நான் த்ரவோரே, அவன் ஜாரா. இரண்டு குலத்தாரும் கேலியாக இப்படித்தான் பேசிக்கொள்வோம், கோபித்துக்கொண்டால்தான் தப்பு. ஆனால் எப்போதும் சிரித்துக்கொண்டே திட்டுவான். இன்று சிரிக்கவில்லை.

ஏப்ரல் 13
இரண்டு கோல் போட்டான். அவன் என்றைக்கும் ஆட்டம்பாட்டம் போடுகிறவனில்லை, வலையிலிருந்து பந்தை எடுத்து நடுக்கோட்டில் வைத்தான். ஆறு வருடம் வெளிநாட்டில் ஆடியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். ஊரே குதிக்கிறது. இவன் ஏன் படியில் பக்கவாட்டாக இறங்கினான்?

ஏப்ரல் 17
விடியலில் ஆற்றங்கரைக்குப் போனால் எனக்கு முன்னால் அவன், காலுறையைக் கசக்கிக்கொண்டு. முழங்காலில் கட்டிய பச்சிலையின் சாறு தண்ணீரில் இறங்கியது. வலது முழங்கால் பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது.
“யார்கிட்டயும் சொல்லாத. இறுதி ஆட்டம் முடியட்டும்.”
இன்னொரு ஆட்டம் ஆடினால் அப்புறம் ஆட்டமே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு மறுபடி கசக்கினான். சோப்பு போடக்கூடத் தெரியவில்லை, பாவி.

ஏப்ரல் 19
த்ரவோரே மனதாரக் கேட்டால் ஜாரா மறுக்கக் கூடாது. அதுதான் முறை. இதுவரை அதை மாம்பழத்துக்கும் தேநீருக்கும்தான் செலவழித்திருக்கிறேன். கேட்கலாமா? எங்கள் கிளப் கோப்பையைத் தொட்டுப் பதினெட்டு வருடம். நான் யாரு — துணி தோய்க்கிறவ.

ஏப்ரல் 21
கேட்டுவிட்டேன். கேலியாகத்தான் தொடங்கினேன், முடிக்கும்போது கேலி இல்லை.
“உன் த்ரவோரே கேக்குறேன். ஞாயித்துக்கிழமை நீ ஆடக் கூடாது.”
தோளில் கிடந்த பையை இறக்கி வைத்தான். “இதுக்குப் பதிலா நீ என்னை அடிச்சிருக்கலாம்.”

ஏப்ரல் 27
அவன் ஆடவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம்.

ஏப்ரல் 29
த்ரவோரே கேட்டாள், மறுக்க முடியவில்லை என்று பயிற்சியாளரிடம் அவனே சொல்லிவிட்டான். சந்தையில் வெங்காயக்காரி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் கேட்டது தப்பில்லை, கேட்ட நேரம்தான் தப்பு என்கிறார் பயிற்சியாளர். வேற எப்பக் கேக்குறதாம்?

ஜூன் 2
அவன் இந்தப் பக்கமே வருவதில்லை. திட்ட ஆளில்லாமல் வாய் துருப்பிடிக்கிறது.

நவம்பர் 9
கடைசி இருபது நிமிடம் அவனை இறக்கினார்கள். கோல் இல்லை. எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். பந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அவன் அந்த வலது காலைப் பயமில்லாமல் ஊன்றி ஊன்றி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.