சுல்தான் இன்னும் குரைக்கவில்லை

அக். 12, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். மாதா கோயில் பூசைக்குத் தாமதம். திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போது ஜிம்மி உறுமல். நான் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் உறுமல். வெளியாட்களைக் கண்டால் குரைக்கிறது, எனக்கு அந்த மரியாதைகூட இல்லை. என் வேர்வையில் கட்டிய வீடு, என் கேட்.

ஒன்றரை வயது நாய்க்கு என்னைத் தெரியாதுதான். வீடியோ காலில் பார்த்தது கணக்கில் வராது போல. மனைவி தெரசா சும்மா ஒரு பார்வை பார்த்தாள், உடனே வால் சுருண்டு அவள் காலடியில். மகள் அனிக்கும் அடங்குகிறது. பால்காரருக்கு வாலே ஆட்டுகிறது.

முடிவு: எனக்கென்று ஒரு குட்டி.
மோட்டார் வாஷர். கேஸ் புக்கிங். நெடுங்காடு போக வேண்டும்.

அக். 14, செவ்வாய்
நெடுங்காட்டில் பள்ளிக்கூடத்து சிநேகிதன் வீட்டு நாய் ஐந்து போட்டிருக்கிறது. நாற்பத்தைந்து நாள். செவலை, ஆண், ஒரு காது வெள்ளை. சட்டைக்குள் போட்டுக்கொண்டு பைக்கில் வந்தேன். வழி முழுக்க நெஞ்சில் சூடு. நெரவி தாண்டும்போது மூத்திரம். பெயர் சுல்தான், வழியிலேயே வைத்தாயிற்று.

வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, ஆச்சரியப்படட்டும் என்று. நான் ஊருக்கு வந்ததும் அப்படித்தான், சொல்லாமல், அட்டைப்பெட்டிகளோடு.

நேராக ஹாலில் இறக்கினேன். ஜிம்மி பாய்ந்து கவ்விவிட்டது. அனி நடுவில் விழுந்து பிரித்தாள். குட்டிக்குக் காதில் கிழிசல், அனிக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு ஒன்றுமில்லை. தெ. கைக்குக் கிடைத்த துணியில் குட்டியைச் சுற்றினாள். என் புதுக் கைலி.

அக். 15, புதன்
கால்நடை டாக்டர். குட்டிக்கு ஊசி, காதுக்குப் பவுடர். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நாய் இருக்கிற வீட்டுக்குள் இன்னொன்றை இப்படியா கொண்டுபோய் இறக்குவார்கள் என்றார். இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில்தான் முதலில் பார்க்க விட வேண்டுமாம். இனிமேல்:
– மூன்று நாள் குட்டி தனி அறை. அது படுத்த துணியைப் பழசு மோந்து பார்க்க வேண்டும்.
– சோறு ஆளுக்கொரு மூலை.
– எதுவானாலும் பழசுக்குத்தான் முதலில். சோறு, தடவல், எல்லாம். புதுசு தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும்.

மூன்றாவதை தெ. இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

அக். 18, சனி
மேகமூட்டம். தனி அறை என்றால் மாடியில் என் அறைதான். நான் வந்ததிலிருந்து அங்கேதான் படுக்கை. தெ.வுக்குத் தனியாகப் படுத்துப் பழகிவிட்டதாம், பக்கத்தில் ஆள் இருந்தால் தூக்கம் வரவில்லையாம். சரி.

மூன்று நாளும் குட்டி என் கட்டிலுக்கடியில். சட்டைப் பையில் ரொட்டி வைத்து ரகசியமாக ஊட்டுகிறேன். சுல்தான் என்றால் திரும்பிப் பார்க்கிறது! இன்னும் குரைக்கவில்லை. முனகல் மட்டும். குரைத்துவிட்டால் நாயாகிவிடும்.

மாலை, தெருக்கோடி காலி மனையில் இரண்டையும் பார்க்க விட்டோம். ஜிம்மி சுற்றிச் சுற்றி மோந்தது. குட்டி மல்லாந்து வயிற்றைக் காட்டியது. பத்தே நிமிடம், அப்புறம் ஒரே ஓட்டம். அனி என்னைப் பார்த்துச் சிரித்தாள். வந்ததிலிருந்து இரண்டாவது முறை. பெற்ற பெண்ணின் சிரிப்பை எண்ணிக்கொண்டிருக்கிறேன், வெட்கக்கேடு.

அக். 20, திங்கள். தீபாவளி
எதிர்வீட்டு அதிரசம், முறுக்கு. தெரு முழுக்க வெடி. முதல் சரத்துக்கே சுல்தான் என் மடியிலிருந்து குதித்தது. வா என்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன். அது ஜிம்மியிடம் ஓடியது, ஜிம்மி தெ.விடம். சமையலறை மூலையில் மூன்றும் ஒரே மூட்டை. அனியும் போய் உட்கார்ந்துகொண்டாள். ஹாலில் நான், கையில் ரொட்டி.

அக். 22, புதன்
அடைமழை. வாஷர் மாற்றியாயிற்று. கேஸ் வரவில்லை.

ரொட்டியைத் தெ. கண்டுபிடித்துவிட்டாள். ஜிம்மிக்கு முன்னால் குட்டிக்குக் கொடுத்தது குற்றம். அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. மஸ்கட் போர்மேன் அனுப்பிய செய்தியையும் பார்த்திருக்கிறாள். பழைய வேலை காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று. இன்னும் பதில் போடவில்லை என்றேன். உண்மைதான். போடுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாகக் குழப்பம்.

அவள் கோபப்படவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்:

"உங்கள தேடிக்கிட்டு நிக்கிறதுக்கு ஒண்ணு வேணும்னுதானே வாங்கியாந்தீங்க. நாங்க பத்தொம்பது வருசம் நின்னு பாத்துட்டோங்க. அதையாவது விட்டுடுங்க, பாவம்."

அந்தப் பத்தொன்பது வருடம் யாருக்காக என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அதற்கும் பதில் வைத்திருப்பாள்.

மாடிக்குப் போய் போர்மேனுக்கு அனுப்பினேன்: வரவில்லை, இனி இங்கேதான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் நான் எதற்கோ போடும் ரொட்டி என்பாள்.

அக். 25, சனி
சுல்தான் என்ற பெயர் போயிற்று. அம்மாவும் மகளும் குட்டி, குட்டி என்றே கூப்பிட்டுப் பழக்கிவிட்டார்கள். சுல்தான் என்றால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறது. மாடிக்கு வருவதில்லை. ஜிம்மியின் வயிற்றோடு ஒட்டிப் படுக்கிறது. ஜிம்மி மண்ணைப் பறித்தால் இதுவும் பறிக்கிறது. டாக்டர் சொன்னது அத்தனையும் பலித்துவிட்டது.

காபியும் அந்த முறைப்படிதான். முதலில் அனிக்கு, அப்புறம் தெ.வுக்கு. எனக்கு வரும்போது ஆடை படிந்திருக்கும். பொறாமைதான். நாய்மேல் பொறாமை, ஐம்பத்திரண்டு வயதில்.

அக். 28, செவ்வாய்
மழை விட்டு வெயில். மார்க்கெட்: கொடுவா மீன், தக்காளி, கீரை. குட்டிக்குச் சிவப்புக் கழுத்துப்பட்டை, மணி வைத்தது.

பதினொரு மணி வாக்கில் திரும்பினேன். கேட்டில் கை வைத்ததும் ஜிம்மி வழக்கம்போல் உறுமியது. பக்கத்தில் குட்டி. ஜிம்மியை ஒருமுறை பார்த்தது, என்னைப் பார்த்தது. முன்னங்காலை ஊன்றிக்கொண்டு குரைத்தது. முதல் குரைப்பு. கீச்சென்றுதான் வந்தது, ஆனாலும் நாய்க் குரைப்பு. நிறுத்தாமல் குரைத்தது.

உள்ளேயிருந்து தெ. குரல்:

"அனி, யாரோ வந்திருக்காங்க, யாருன்னு பாரு."

நான்தான் என்று கேட்டுக்கு வெளியே நின்றே சொன்னேன்.