மூன்றில் ஒரு பங்கு

ஜூன் 4, 2001 – திங்கள்

செங்கம் ரோட்டில் கட்டப்போகும் லாட்ஜுக்கு மாடிப்படி வரைந்தேன். ஒரு படிக்கு ஆறரை அங்குலம் உயரம். 6 என்று தட்டி, இடம் விட்டு, 1/2 என்று தட்டினேன். இடம் விட்டாலே 'சரி, முடிந்தது' என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. அரை அங்குலம் காணாமல் போனது. ஒவ்வொரு படியிலும் போனது. கடைசியில் மாடிப்படி மாடிக்குப் போய்ச் சேரவில்லை. ஆசிரமத்துக்கு வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தாவித்தான் ஏறவேண்டும்.

எங்கள் இன்ஜினியர் சக்கரபாணி சார் வந்து பார்த்தார். "நடுவுல சின்னதா ஒரு கோடு போடணும்மா. 6-1/2. ஸ்பேஸ் விட்டா என்டர் அடிச்ச மாதிரி."

போட்டேன், வந்தது. ஆனால் அளவை எழுதிக் காட்டும்போது அது மட்டும் கோடு போடாமல் இடம் விட்டுத்தான் காட்டுகிறது. அது செய்யலாம், நாம் செய்யக்கூடாது. எட்டு வருஷமாக சாரிடம் வேலை பார்ப்பவளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஜூன் 6

பௌர்ணமி. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ஆபீஸிலிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வந்தேன். கால்வாசி கிரிவலம் ஆன கணக்கு.

ஜூன் 15

அனுமதிக்கு அனுப்பிய வரைபடம் திரும்பி வந்தது. சர்வே எண் 118/3 என்று தட்டியிருந்தேன். புது சாப்ட்வேர் அதைப் பின்னம் என்று நினைத்து, 118-ஐ மேலே ஏற்றி, கோடு கிழித்து, 3-ஐக் கீழே தொங்கவிட்டிருக்கிறது. நான் பார்க்கவில்லை. சாரும் பார்க்கவில்லை. அனுமதி ஆபீஸில் யாரோ உட்கார்ந்து வகுத்து, பக்கத்தில் பென்சிலால் '39 சொச்சம்?' என்று எழுதியிருக்கிறார். கேலியா, சந்தேகமா, தெரியவில்லை.

தானாக அடுக்கிவைக்கும் அந்த வசதியை அணைத்துவிட்டேன்.

ஜூன் 24 – ஞாயிறு

கீழ்பென்னாத்தூரிலிருந்து இளஞ்செழியன் அண்ணன் வந்திருந்தார். கையில் வேர்க்கடலைப் பை. அண்ணன் சும்மா கடலை கொண்டுவருகிற ஆள் இல்லை.

ரோட்டோரம் அப்பா வாங்கிப் போட்ட மனை. அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது, உயில் எதுவும் எழுதவில்லை. "பிரிச்சுக்கலாம்னு இருக்கோம் மணி. நீதான் கம்ப்யூட்டர்ல போடறியே, ரெண்டாப் போட்டுக் குடு" என்றார்.

"ரெண்டுன்னா?"

"எனக்கும் ஆதவனுக்கும்."

தம்பி பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலில் நியாயம் வந்தது. போகும்போது, "தீபாவளிக்கு உனக்கு நல்ல புடவையா எடுத்துடலாம்" என்றார்.

ஜூன் 25

மனையின் அகலம் 58 அடி 7 அங்குலம். இரண்டாகப் பிரித்தேன். ஆளுக்கு 29 அடி 3 1/2 அங்குலம். கனகச்சிதம். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அழித்துவிட்டு மூன்றாகப் பிரித்தேன்.

ஒரு பங்கு 19 அடி 6 1/3 அங்குலம் வரவேண்டும். திரையில் 6 5/16 என்கிறது. நுணுக்கத்தைக் குறைத்தால் 6 3/8. இன்னும் குறைத்தால் 6 1/4. அதற்கும் கீழே 6 1/2. கேட்கிற விதத்துக்கு ஒரு பதில். நானே 6-1/3 என்று தட்டினேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டு, மறுபடி 5/16 என்று காட்டியது.

சாரிடம் கேட்டேன். "அதுக்கு பாதி தெரியும், பாதியில பாதி தெரியும். மூணுல ஒண்ணு தெரியாதும்மா" என்றார்.

என் பிறந்த வீட்டில் செய்த சாப்ட்வேர் போலிருக்கிறது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கேட்டா பேராசைக்காரின்னுவாங்க. கேக்கலன்னா தங்கமான பொண்ணுன்னுவாங்க. எது வேணும்?" என்றார். அவர் ரசம் கேட்டார், ஊற்றினேன்.

ஜூலை 1 – ஞாயிறு

கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டு வந்தேன்.

மூன்று பங்கு போட்ட தாளை அண்ணன் முன்னால் வைத்தேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன மூணு?"

"நான்தான்."

ஆதவன் பேசினான். நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. "அக்கா, உனக்குத்தான் கல்யாணத்துக்கு எல்லாம் செஞ்சாச்சே."

செஞ்சாங்களாம். இவனுக்கு யாரு செஞ்சா? இவன் கல்யாணத்துக்கு மூணு நாள் பந்தல் போட்டு ஊரையே கூப்பிட்டு சோறு போட்டாங்களே, அதுக்குப் பேரு என்னவாம்? – அங்கேயே கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். நானும் அப்பாவுக்குப் பிறந்தவதான், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், ஒருத்தர் பங்கை ஒருத்தர் முழுங்கக் கூடாது என்று மேடையில் பேசுகிற மாதிரி பேசிவிட்டேன். அண்ணன் தலை குனிந்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மூலையில் அம்மா கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முறத்தை நகர்த்திவிட்டு வந்து தாளைக் கையில் வாங்கினாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, கட்டங்களை விரலால் தொட்டு எண்ணினாள்.

"இதுல என்னுது எது?"

மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"பெரியவன் ரெண்டு போட்டான், நீ மூணு போட்ட. நாலு பேரு இருக்கறோமேடி."

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். காலையிலிருந்து அவர்கள் முகத்தில் வராத சந்தோஷம் அப்போதுதான் வந்தது. பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்த விரல்தான் கண்ணுக்குள் நின்றது. எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? தினமும் கோடு போடுகிறவள்.

ஜூலை 3

பத்திரம் எழுதும் வேடியப்பனிடம் கேட்டேன். "சந்தேகமே இல்லம்மா. உங்கப்பா சொந்தமா வாங்கினது, உயிலும் இல்ல. பொண்டாட்டிக்கும் பிள்ளைங்களுக்கும் சமமா வரும். உங்கம்மா பேரு என்ன? பாஞ்சாலையா? அவங்க பேரைத்தான் மொதல்ல எழுதணும்."

நான்காகப் பிரித்தேன். 14 அடி 7 3/4 அங்குலம். கம்ப்யூட்டர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் காட்டியது.

ஆகஸ்ட் 30

நாலு பங்காகவே பத்திரப்பதிவு முடிந்தது. எந்தப் பங்கு வேண்டும் என்று முதலில் அம்மாவைத்தான் கேட்டார்கள், மரியாதைக்கு. நடுவில் ஏதாவது கொடுங்கள் என்பாள் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பஸ் ஸ்டாப்பை ஒட்டிய மூலையைக் காட்டி, "இது" என்றாள். அண்ணன் கண் வைத்திருந்த மூலை. கைநாட்டு வைத்துவிட்டு மையை அண்ணன் துண்டிலேயே துடைத்தாள்.

நவம்பர் 18 – ஞாயிறு

தீபாவளி முடிந்து அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அண்ணன் பட்டுப்புடவை எடுத்திருக்கிறார் – அம்மாவுக்கு. எனக்குச் சொன்ன புடவை பற்றிப் பேச்சில்லை. ஆதவன் அம்மாவை ஆரணிக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி போட்டுவந்திருக்கிறான். அண்ணி வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாளாம். இத்தனை வருஷம் அம்மாதான் அந்த வீட்டுக்கே வெந்நீர் வைத்தவள்.

"பெரியவன் தினம் கேக்கறான், மூலையை என்ன பண்ணப் போறேன்னு. சின்னவனும் கேக்கறான்."

"நீ என்னம்மா சொன்ன?"

"பாக்கலாம்னு சொன்னேன்." புதுக் கண்ணாடி வழியாக என் கைகளைப் பார்த்தாள். "நீ என்னடி, வெறுங்கையோட வந்திருக்க?"

நவம்பர் 25

கார்த்திகை தீபத்துக்குக் கோயிலில் கொடி ஏறிவிட்டது, தேரடித் தெருவில் கால் வைக்க இடமில்லை. இடித்துக்கொண்டு போய் அம்மாவுக்கு ஒரு கம்பளி பார்த்தேன். குளிர் ஜாஸ்தியாகிவிட்டது, வயசானவள். கடைக்காரர் எடுத்துப் போட்டதே நன்றாகத்தான் இருந்தது.

"இதைவிட நல்லது இருக்கா?" என்று கேட்டது நான்தான்.