கேமராவுக்கு வைத்த பொட்டு

பாஸ்டன்,
அக்டோபர் 2006

அம்மாவுக்கு ஹம்சினியின் நமஸ்காரம். இங்கே சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஆயுத பூஜையிலிருந்து கம்ப்யூட்டரில் உன் குரல்தான் வருகிறது, முகமே தெரியவில்லை. செங்கல்பட்டு மெக்கானிக் வந்து, "கேமரா பூட்ச்சும்மா, புச்சு வாங்கிக்கோ" என்றானாம். நேற்று போனில் நீ சாவகாசமாகச் சொல்கிறாய்: "பூஜையன்னிக்கு அதுக்கும் சந்தனம் வெச்சேன்டி, கண்ணு மாதிரி இருக்கே, அங்கே." எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! கண்ணில் சந்தனத்தை அப்பினால் என்ன தெரியும்? அந்தத் தடியன் அதைப் பார்க்கவே இல்லையா? இனி அவனை வீட்டுக்குள் விடாதே.

மெல்லிய துணியை லேசாக நனைத்துத் துடை. தண்ணீரைக் கொட்டிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை திரையில் வருவேன். பொட்டு வைத்தே ஆகவேண்டுமென்றால், அங்கே தெரிகிற என் நெற்றியில் வை.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.
ஹம்சினி