புதுப் பலகையில் வண்டு

குத்தாலம்
16-9-1973

அன்பு மகன் யூனுஸுக்கு அத்தா மீரா உசேன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் அம்மாவும் நானும் உடம்புக்குச் சுகம், அலிகாரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க துஆ செய்கிறோம். மனசு சுகமா என்று மட்டும் கேட்காதே. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் உன் கடிதம் கிடைத்தது. விட்டுத்தள்ளுங்கள் அத்தா, ஊர்ச் சண்டை நமக்கெதற்கு என்று எழுதியிருக்கிறாய். முழு விவரம் தெரியாமல் எழுதிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வாய்க்கால் தண்ணீரை மறித்துக் கடைமடை வயல்களுக்குத் திருப்புகிற மதகுப் பலகைகள் பழசாகிவிட்டன என்று ஆடியில் நம் மரவாடியில் புதுத் தேக்குப் பலகை வாங்கினார்கள். வண்டியேற்றிக்கொண்டு போனவர் மிராசு பண்ணையின் காரியஸ்தர் துரைராசு. ஒரு மாசம் ஆவதற்குள் அடிப்பலகை நடுவில் பிய்ந்துகொண்டது, தண்ணீர் திரும்பாமல் நேரே ஓடிப்போனது, வீரையனும் மற்றக் குத்தகைக்காரர்களும் விட்டிருந்த சம்பா நாற்று அத்தனையும் காய்ந்து போயிற்று. துரைராசு உடைந்த பலகையைக் கரையில் போட்டு ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறார், உள்ளே எள் எள்ளாகக் கறுப்பு வண்டு. பாய் பூச்சி மரத்தைத் தள்ளிவிட்டுட்டாரு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சேதி கேட்டதும் நான் ஒரு மடத்தனம் செய்தேன். மரத்தில் குறை என்று யார் வந்தாலும் எதிர்க்கேள்வி கேட்காமல் வேறு மரம் கொடுப்பது நம் வாடியின் வழக்கம் என்று உனக்குத் தெரியும். அந்த வேகத்தில், உடைந்ததைப் போய்ப் பார்க்காமலே வேறு பலகை ஏற்றி அனுப்பிவிட்டேன். அதுவே என் கழுத்துக்கு வந்துவிட்டது. தப்பு இல்லேன்னா ஏன் பேசாம மாத்திக் குடுக்கணும் என்று டீக்கடையில் கேட்கிறார்கள். தன் வீட்டு உத்தரத்துக்கு என்னைக் கூட்டிப்போய் மரம் பொறுக்கச் சொன்ன வீரையன் இப்போது என்னைக் கண்டால் சைக்கிளை வேறு பக்கம் திருப்புகிறான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, நாற்றைப் பறிகொடுத்தவன் யாரைத்தான் நம்புவான்.

பிறகுதான் புத்தி வந்து நானே மதகுக்குப் போனேன். உடைந்த பலகையை எடுத்து நகத்தால் கீறினால் ஊறின அவல் மாதிரி வருகிறது, மேலே மட்டும் புதுசாகத் தார் பூசியிருக்கிறது. அந்த வண்டுகளைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், நீந்தத் தெரியாத பிராணி, நீளக் காலால் மரத்தைப் பற்றிக்கொண்டு மெள்ள நடக்கிறது. போன லீவில் நீ இடுப்பளவு தண்ணீரில் நின்று முழுகிக் கிடந்த பனங்கட்டையைப் புரட்டி இதையேதான் புட்டியில் பிடித்துப் போட்டாய். எம்.எஸ்ஸி. படிக்கிறவன் செய்கிற வேலையா என்று நான் திட்டினேன். இது நல்ல மரத்தைத் தின்னாது அத்தா, பல வருஷம் தண்ணீரில் ஊறிச் சோறாய்ப் போன மரத்தில்தான் குடியிருக்கும் என்று நீ சொன்னாய். அப்படியானால் முப்பது நாள் தேக்கில் எப்படி வந்தது? அது என் தேக்கே இல்லையடா! கேட்டுவிடலாம் என்று நேரே பண்ணைக்குப் போனால் நெல் அறைக்குப் புதுக்கதவு போட்டிருக்கிறார்கள். நான் அறுத்த மரத்தின் ரேகை எனக்குத் தெரியாதா? மாற்றிக் கொடுத்தேனே, அந்தப் பலகையும் அங்கேதான் கிடக்கிறது, வாசற்படியாக! மதகில் இப்போதும் தார் பூசின பழைய கட்டைதான் நிற்கிறது, அதை நம்பி வீரையன் கடன்பட்டு மறுநாற்று விட்டிருக்கிறான். சர்க்கார் குத்தகைப் பதிவில் அவன் பேர் ஏறினதிலிருந்து பண்ணைக்குக் கண்ணில் தூசி. சம்பா விளையாவிட்டால் குத்தகை நெல் அளக்க முடியாது, அளக்காவிட்டால் நிலத்தை விட்டுக் கிளப்பிவிடலாம், பழி மர வியாபாரி தலையில். இதையா விட்டுத்தள்ளச் சொல்கிறாய்?

இந்தப் பலகை விஷயமாக அக்டோபர் மூன்றாம் தேதி தாசில்தார் விசாரணை. உன் அம்மா ஹபீபுன்னிசா, நோன்பு நேரத்தில் தாலுகா கச்சேரிப் படி ஏற வேண்டுமா என்று கேட்டாள், நோன்பு வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டும் நன்மையா என்று கேட்டேன். நீ செய்ய வேண்டியது இதுதான். இந்த வண்டு எந்த மரத்தில் இருக்கும், எதில் இராது என்று வீரையனுக்கும் புரிகிற தமிழில் எழுதி, உன் பேராசிரியரின் கையெழுத்தையும் வாங்கி, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. உடைந்த பலகையை ஈரச்சாக்கில் சுற்றி வாடியில் வைத்திருக்கிறேன், வண்டு உயிரோடுதான் இருக்கிறது.

அங்கே குளிர் வந்துவிடும், கம்பளியை வெயிலில் போட்டு எடு. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்திருக்காமல் நோன்பு பிடிக்காதே என்று அம்மா சொல்கிறாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல அறிவையும் தரட்டும். கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் மூன்றாம் தேதி நான் போவேன். மரம் விற்கிறவனுக்குப் பூச்சியைப் பற்றி என்ன தெரியும் என்று துரைராசு கேட்பார். எனக்குத் தெரியாது, என் மகனுக்குத் தெரியும், கேட்டால் அவன் பயப்படாமல் சொல்வான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லத்தான் போகிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதே.

இப்படிக்கு உன் அத்தா,
கா. மீரா உசேன்