வண்டியைத் தள்ளியவர்கள்

என் கூடப் பிறக்காத தம்பி ஜெபமணிக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகப்போகிறது. நேற்று செம்பூரில் உன் மகள் ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து என் முன்னால் வைத்தாள். "அத்தை, அப்பா எடுத்த போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. யாரு எவருன்னு எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். அத்தனையும் கறுப்பு வெள்ளை. அத்தனையும் மழை.

அறுபதுகளில் தாராவியில் எங்கள் அறைக்கு அடுத்த அறையில் நீ இருந்தாய். கல்யாணமாகாத பையன். மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில், இருட்டறையில் நின்று அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படங்களைக் கழுவுகிற வேலை. ஆனால் லீவு நாளில் மழை பிடித்தால் போதும், நீ அறையில் தங்க மாட்டாய். இரண்டு கண் வைத்த அந்தப் பெட்டிக் கேமராவை ரெக்சின் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதை நெஞ்சோடு அணைத்து, தலையைக் குனிந்து மேலிருந்துதான் பார்க்க வேண்டும். படம் எடுக்கிற மாதிரியே இருக்காது. நடுரோட்டில் நின்று ஜெபம் பண்ணுகிற மாதிரி இருக்கும்.

"ஏன்டே, மழையில போயி இதை நனைக்க?" என்று ஒருதரம் கேட்டேன்.

"வெயில்ல பாதிதாம்க்கா தெரியுது. மீதி நிழல்ல போயிருது. மழையில எல்லார் மேலயும் ஒண்ணு போல வெளிச்சம் விழுது" என்றாய். கிறுக்கன் என்று நினைத்துக்கொண்டேன். மன்னித்துவிடு.

அந்த ஆடி மாதத்து நாளை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என் பக்கத்தை நீ முழுசாகக் கேட்டதில்லை. விடிந்ததிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவுக, என் வீட்டுக்காரர், குர்லாவில் பட்டறைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ரயில் ஓடவில்லை. எனக்கு வலி எடுத்தது. பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். "பிள்ளைக்குக் கால் முன்னால வருது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இப்பவே" என்றாள். டாக்சி எங்கே வரும்? தோல் ஷாப்பிலிருந்து ஒரு கைவண்டியைக் கொண்டுவந்தார்கள். பச்சைத்தோல் நாற்றத்தின் மேல் என்னைப் படுக்க வைத்தார்கள்.

சயான் ரோடு ஆறாகிக் கிடந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். வண்டி ஓரிடத்தில் குலுங்கி நின்றபோது ஒரே ஒரு தரம் திறந்தேன். அப்போது தெரிந்தது நீ. இடுப்பளவுத் தண்ணீரில், எனக்கு எதிரே, தலையைக் குனிந்து கேமராவைப் பார்த்துக்கொண்டு.

நான் கத்தினேன். "ஏலே, நான் சாகப் போறேன், நீ போட்டோவா பிடிக்க?"

பிறகு எனக்கு நினைவில்லை. பிள்ளை பிழைத்தான். நானும் பிழைத்தேன். குர்லாவிலிருந்து தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்த அவுக விஷயத்தைக் கேட்டுக் கொதித்துப் போனார்கள். "வேதனையில கிடக்கிற பொம்பளையப் படம் பிடிக்கிறவன் மனுசனா?" நானும் உன்னோடு பேச்சை விட்டேன். மூன்று மாதம். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே வாசலில் செருப்பைக் கழற்றினோம், உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒருநாள் நீயே வந்தாய். கையில் ஒரு கவர். "படமும் இருக்கு, பிலிமும் இருக்கு. கிழிக்கணும்னா நீங்களே கிழிங்கக்கா. இன்னொண்ணு கிடையாது" என்று வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாய். கிழிக்கத்தான் எடுத்தேன்.

ஜெபமணி, அன்று நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? என்னை இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் தள்ளிக்கொண்டு போனார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். படத்தில் பதினொரு பேர். விரல் வைத்து எண்ணினேன். ஷூவை நாடாவால் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்ட ஒரு ஆபீஸ்காரர். பையைத் தலையில் தூக்கிவைத்த தபால்காரர். தாடி வைத்த ஒரு பாய், சக்கரத்துக்குத் தோள் கொடுத்து, கழுத்து நரம்பு புடைக்க. ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. மழை வெள்ளைக் கோடு கோடாக அவர்கள் மேல் விழுகிறது. என் தலைமாட்டில் ஒரு மீன்காரம்மா. ஒரு கை என் பிடரியின் கீழே. இன்னொரு கையால் தன் மீன்கூடையைக் கவிழ்த்து என் முகத்துக்கு மேலே பிடித்திருக்கிறாள். அவள் முகத்தில் தண்ணீர் வழிகிறது.

அத்தனை மழையிலும் என் முகம் மட்டும் ஏன் நனையவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லையே தம்பி. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை அதையே பார்த்திருந்தேன்.

மறுநாளே பிள்ளையையும் படத்தையும் எடுத்துக்கொண்டு மாஹிம் மீன் சந்தைக்குப் போனேன். கடை கடையாகக் காட்டினேன். நாலாவது நாள் ஒருத்தி படத்தை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தாள். "ஹீ மீ?" என்றாள் மராத்தியில். இது நானா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். தன் முகத்தை அவள் படத்தில் பார்த்ததே இல்லை. ஹீராபாய் என்று பேர். கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிறகு இந்தியில் கேட்டாள், "அந்த கேமராக்காரன் எங்கே? அவன் நல்லா இருக்கானா?"

"அவன் நின்னு படம்தானே பிடிச்சான்" என்றேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். தண்ணீர் வடியட்டும் என்று சாக்கடை மூடிகளை எல்லாம் திறந்துவிட்டிருந்தார்களாம். தண்ணீருக்கு அடியில் குழி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் வண்டி நின்றது. நீ ஒரு படம் எடுத்தாய். எடுத்ததும் கேமராவை என் கால்மாட்டில் வைத்துவிட்டு வண்டிக்கு முன்னால் இறங்கினாய். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் காலால் தரையைத் தடவித் தடவி நீ முன்னே நடக்க, உன் பின்னாலேயே வண்டி வந்தது. ஒரு இடத்தில் கழுத்து வரை உள்ளே போய்விட்டாயாம். அந்த பாய்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாராம்.

அன்றைக்கு உன் அறை வாசலில் நின்று கேட்டேன், "ஏன்டே சொல்லல?"

"நீங்க கேக்கலியேக்கா" என்றாய். பிறகு, "எடுத்தது சரியா தப்பான்னு எனக்கே தெரியலக்கா. அத்தனை கையும் ஒண்ணா வந்து வண்டியில விழுந்துச்சு. பார்த்தேன். விரல் அதுவா அமுக்கிட்டு" என்றாய். அவுக உன் தோளைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்து சோறு போடச் சொன்னார்கள். அந்தப் பிலிமை வாங்கிப் போய் ஹீராபாய்க்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்தாய். ஒரு நொடியில் அத்தனை பேரையும் எப்படியடா பார்த்தாய்? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அன்று பிறந்த முத்து இப்போது விக்ரோலியில் இருக்கிறான். ரிட்டயர் ஆகிவிட்டான். நேற்று ராத்திரி போனில் அனுப்பிய அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல நீ என் பொண்ணை விடச் சின்னவளா இருக்க" என்றான்.

உன் பெட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஸ்டெல்லாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், உனக்கும் கொடுக்கிறேன். கண் தெரிகிற வரைக்கும், ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எனக்குத் தெரிந்த பேரை எழுதுவேன். தெரியாதவர்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றாவது எழுதுவேன். கைவண்டிப் படத்தில்தான் தொடங்கினேன். பதினொரு பேருக்கும் எழுதி முடித்துவிட்டுக் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்: "வண்டிக்கு முன்னால் நடந்தவன் ஜெபமணி. படத்தில் இல்லை."

வண்டியில் படுத்திருப்பவள்,
உன் அக்கா
பேச்சியம்மாள்