குப்பனூரில் காத்திருக்கும் சட்டை

கரடியூர்,
9-4-1996.

என் அன்பிற்குரிய காவேரி அப்பாவுக்கு, கண்ணம்மாள் வணங்கி எழுதுவது. நானும் நம் குழந்தையும் உங்கள் அக்காவும் நல்ல சுகம். எல்லாக் கடிதத்திலும் வழக்கத்துக்காக இப்படித்தான் எழுதுவேன். இந்தத் தடவை நிஜமாகவே நல்ல சுகம்.

இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். எங்காவது உட்காருங்கள். கெட்ட சேதி ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். நல்ல சேதிதான், ஆனால் நீளமான சேதி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் வீட்டுக்கு வரலாம். காவேரியைத் தூக்கிக் கொஞ்சலாம். அவளுக்கு ஆகாதது நீங்கள் இல்லை. ரப்பர்.

ஆமாம், ரப்பர்தான். விடியற்காலையில் எழுந்து மரம் மரமாகப் போய்ப் பால் வெட்டுகிறீர்களே, அதே ரப்பர்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். மாசி மாதக் கடைசியில் காவேரிக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, இரண்டு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சேலத்துக்குக் கூட்டிப்போனேன். பல் டாக்டர் கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு அவள் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்துவிட்டது. கண் இமை வீங்கியது. மூச்சு வாங்கினாள். எனக்கு உயிரே இல்லை. அவர் உடனே ஊசி போட்டு, அந்தக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் தோல் டாக்டரிடம் குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு ஓடினார். பல்லை அப்புறம் கையுறை இல்லாமல், கையை நன்றாகக் கழுவிவிட்டுப் பிடுங்கினார் என்பது தனிக் கதை.

தோல் டாக்டரின் பெயர் அற்புதம். பேருக்கு ஏற்ற அம்மாள். குழந்தைக்கு மூச்சு சீரானதும் என்னை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பலூன் ஊதினால் உதடு வீங்குமா என்றார். செருப்பு வார் படும் இடத்தில் அரிக்குமா என்றார். ஜட்டி எலாஸ்டிக் அழுத்தும் இடுப்பில் வளையமாகத் தடிக்குமா என்றார். வாழைப்பழமோ பட்டர் ஃப்ரூட்டோ தின்றால் வாயெல்லாம் நமநமக்குமா என்றார். ஐந்து வருஷம் நம் வீட்டு மூலையில் உட்கார்ந்து பார்த்தவர் போலக் கேட்டார். கடைசியில் குழந்தையின் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். கேரளாவில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இதற்கு ரப்பர் அலர்ஜி என்று பெயராம். சில உடம்புக்கு ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாதாம். தொற்று நோய் இல்லையாம், யாருடைய பாவமும் இல்லையாம். பால் காய்ந்து துணியில் ஒட்டியிருந்தாலும், அந்தத் துணி பட்டால் போதுமாம். என் கண்ணுக்குள் இரண்டு வருஷத்துக்கு முந்தைய சேர்வராயன் கோவில் திருவிழாதான் ஓடியது. நீங்கள் தோட்டத்திலிருந்து நேராக, வேலைச் சட்டையோடு வந்து இறங்கினீர்கள். மூன்று வயதுக் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மலை உச்சிக்கு நடந்தீர்கள். கேட்டாள் என்று சிவப்புப் பலூன் வாங்கிக் கொடுத்தீர்கள். கோவில் வாசலுக்குப் போவதற்குள் அவள் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிவிட்டது. அதற்கு முந்தின பொங்கலுக்கு நீங்கள் வந்தபோதும் அப்படித்தான் உடம்பெல்லாம் தடித்தது. உங்கள் அக்கா பயந்துபோய்க் குறி கேட்டார். தகப்பன் நிழல் இந்தப் பிள்ளைக்கு ஆகாது, ஏழு வயது முடிகிறவரை முகத்தைப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நீங்களும் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலையிறங்கிப் போய்விட்டீர்கள்.

போன தீபாவளிக்கு அடிவாரத்துக் குப்பனூர் வரைக்கும் வந்து, செல்லப்பன் அண்ணன் டீக்கடையில் பையைக் கொடுத்துவிட்டு, மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தீர்களாமே. அவர் என்னிடம் சொல்லிவிட்டார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா? அந்தப் பையில் என்ன வைத்திருந்தீர்கள்? இடுப்பிலும் கையிலும் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கிய பூப்போட்ட கவுன். அழுத்தினால் கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மை. அழகான ரப்பர் மழைக்கோட்டு. நல்ல ஆளாகப் பார்த்துத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள்!

அந்தக் கவுனைப் போட்ட மூன்றாம் நாள் இடுப்பைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று தடித்தது. ஊரே அக்கி என்றது. அக்கி இடுப்பைச் சுற்றி வந்து இரண்டு முனையும் சேர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து என்பார்களே, இவளுக்கு முதல் நாளே சேர்ந்திருந்தது. எலாஸ்டிக் என்ன பாதி இடுப்புக்கா வைப்பார்கள்? மூன்று நாள் காவி குழைத்து அக்கி எழுதினோம். எழுதி முடித்ததும் அதன் மேலேயே அந்த எலாஸ்டிக் ஜட்டியை மாட்டிவிட்டவளும் நான்தான். இப்போது நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, என்னையே இரண்டு அறை அறையலாம் போலவும் இருக்கிறது. அப்பன் கையால் வாங்கின துணிகூட ஆகவில்லை என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அதை உங்களுக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை.

சரி, இனி அழுகை வேண்டாம். துணிக்கதையைக் கேளுங்கள்.

டாக்டரம்மா எலாஸ்டிக் எதுவும் உடம்பில் படக்கூடாது என்று சொல்லிவிட்டார். கடைகடையாக ஏறி இறங்கினேன். எலாஸ்டிக் இல்லாத பிள்ளைத் துணி கேட்டால் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். அப்போதுதான் தையல் வகுப்பு அமலி டீச்சர் நினைவுக்கு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர். போய் விஷயத்தைச் சொன்னேன். மெஷின் இருக்கிறது, உனக்குக் கை இருக்கிறது, அழுதுகொண்டு ஏன் நிற்கிறாய் என்று அதட்டினார்.

என் பழைய நூல் சேலை ஒன்றை வெந்நீரில் அலசிக் காயவைத்து வெட்டினேன். முதலில் இடுப்புக்கு நாடா வைத்துத் தைத்தேன். அது பெரிய கூத்தாகிவிட்டது. உங்கள் மகளுக்கு அவசரம் வந்தபோது முடிச்சு இறுகிக்கொண்டது. வாசலிலேயே எல்லாம் ஆகிவிட்டது. நாடா வேண்டவே வேண்டாம் என்று காலை உதைத்துக்கொண்டு அழுதாள். அடுத்ததாக இடுப்புக்குப் பட்டையான துணி வைத்து, இரண்டு பக்கமும் பட்டன் வைத்தேன். வளர்ந்தாலும் போட்டுக்கொள்ளட்டும் என்று பக்கத்துக்கு இரண்டு காஜா. தையல் விளிம்பு உடம்பில் உரசாதபடி அதை வெளிப்பக்கம் வைத்து மடித்துத் தைத்தேன். பார்ப்பதற்கு உள்பக்கம் வெளியே போட்ட மாதிரித்தான் இருக்கும். இருக்கட்டுமே! போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இது இருக்கிறதே தெரியவில்லை என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது?

ஒரு வாரத்தில் இடுப்பில் தழும்புகூட இல்லை. ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு சேர்க்க வேண்டும் அல்லவா, அதற்கும் பட்டன் பாவாடை இரண்டு தைத்துவிட்டேன். காலுக்குச் சேலத்தில் தோல் செருப்பு. வெயிலுக்கு நன்றாக இருக்கிறது என்று கிளியூரிலிருந்து இரண்டு பெண்கள் வந்து தங்கள் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி தைத்துக் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் ஒரு சங்கடம் மிச்சம் இருந்தது. இனி எழுதுவதைப் படித்துவிட்டுச் சிரிக்கக்கூடாது. கூட இருப்பவர்களுக்கும் காட்டக்கூடாது. இடுப்பு ஆறிய பிறகும், சில நாள் காலையில் காவேரியின் கன்னத்திலும் கையிலும் தடிப்பு இருந்தது. வீட்டில் ரப்பர் என்று ஒரு துரும்பு கிடையாது. பார்த்தாயா, டாக்டர் சொன்னதும் பொய்தான் என்றார் உங்கள் அக்கா. நானும் ஆடிப்போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தத் திருவிழாவுக்கு வந்தபோது உங்கள் நீலக் கட்டம் போட்ட வேலைச் சட்டையைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களே, அதை நான் துவைக்கவே இல்லை. பெட்டியில் வைத்திருந்தேன். வேர்வையும் ரப்பர் பாலும் பீடியும் கலந்து உங்கள் வாசனை அதில் அப்படியே இருந்தது. மனசு கேட்காத நாளில் அதைத் தலைக்கு வைத்துப் படுப்பேன். காவேரி என்னை ஒட்டிப் படுப்பாள்.

அதை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி அமலி டீச்சர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். இன்றோடு பதினைந்து நாள் ஆகிறது. குழந்தை உடம்பில் ஒரு சிறு தடிப்பு இல்லை. யோசித்துப் பாருங்கள். நீங்கள் அத்தனை தூரத்தில் இருக்கிறீர்கள். உங்கள் நிழல் இங்கே எப்படி விழும்? சட்டைதான் இருந்தது, சட்டை போனதும் எல்லாம் போய்விட்டது.

நேற்று மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். உங்கள் அக்காவும் பிடிவாதமாகக் கூட வந்தார். நான் சட்டைக் கதையைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை, சரியாகக் கண்டுபிடித்தாய் என்றார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த உங்கள் அக்கா முன்னால் வந்து, "ஏனுங்க டாக்டரம்மா, அப்ப எந்தம்பி ஊட்டுக்கு வரலாமுங்களா?" என்று கேட்டார். தாராளமாக வரலாம் என்றதும் அங்கேயே தரையில் உட்கார்ந்து, நான்தானே அவனைத் துரத்திவிட்டேன் என்று அழுதார். நீங்கள் வந்ததும் அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நினைப்பில் அவரும் நொந்துதான் கிடந்தார்.

10-4-1996, காலை.

நேற்று இதை எழுதி முடிப்பதற்குள் தபால் எடுக்கும் பஸ் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று. ஒருவேளை மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் என்று நீங்கள் யோசிப்பீர்கள். அதற்கும் வழி கேட்டு வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குப் போட்டுப் போன துணி எதுவும் மலைக்கு ஏறக்கூடாது. குப்பனூரில் இறங்கித் தலைக்குக் குளிக்க வேண்டும். நகக்கண்ணைக்கூடத் தேய்த்துக் கழுவ வேண்டும். செல்லப்பன் அண்ணன் கடையில் ஒரு துணிப்பை இருக்கும். அதில் இருப்பதை மட்டும் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த பையை அங்கேயே வைத்துவிட்டு ஏறி வாருங்கள். தடிப்பு வந்தால் கொடுக்க மருந்தும், எந்த ஆஸ்பத்திரியிலும் காட்டச் சீட்டும் டாக்டரம்மா கொடுத்திருக்கிறார். எதற்கும் பயமில்லை.

பையில் வேட்டியும் வெள்ளைச் சட்டையும் இருக்கின்றன. உள்ளுக்குப் போட, நாடா வைத்த பட்டாபட்டி நிக்கர் தைத்திருக்கிறேன். முகத்தைச் சுளிக்க வேண்டாம். உங்கள் மகளுக்காக அதையும் போட்டுக்கொள்ளுங்கள், முடிச்சை மட்டும் பார்த்துப் போடுங்கள். சட்டையின் கடைசிப் பட்டன் கொஞ்சம் கோணலாக இருக்கும். அது காவேரி தைத்தது. ஊசியை விரலில் இரண்டு தடவை குத்திக்கொண்டும் விடவில்லை. கோணல் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

எங்கப்பா தூரமாக இருந்தால்தான் நான் நன்றாக இருப்பேன் என்று மற்றப் பிள்ளைகளிடம் சொல்லி வந்தவள் அவள். இப்போது ஊரெல்லாம் போய், எங்கப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு வரப்போகிறார் என்று தமுக்கடிக்கிறாள். வைகாசித் திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இவள் அதுவரை பொறுப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. லீவு கேட்டுப் பாருங்கள். வரும்போது ஒன்றும் வாங்கி வர வேண்டாம். இந்தத் தடவை வெறுங்கையோடு வாருங்கள்.

சேர்வராயன் துணையிருந்து உங்களை மலையேற்றிக் கொண்டுவரட்டும்.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்குத் தைப்பதற்கு என்னிடம் அளவு இல்லை. டீச்சர் வீட்டில் அந்தப் பழைய சட்டையை நூலால் அளந்துதான் புதியதை வெட்டினேன். வெட்டி முடித்ததும் பழையதை மூன்று தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, வீடு துடைக்க அமலி டீச்சருக்கே கொடுத்துவிட்டேன். இப்போது இந்த வீட்டில் உங்கள் வாசனை கொஞ்சம்கூட இல்லை. சீக்கிரம் வந்துவிடுங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
கண்ணம்மாள்.